கொழுப்பில்லாத சொட்டு

தங்கை ரெக்ஸ்லினுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டு நடை நீண்டுவிடும். முன்பு அது சின்ன நடைதான். இந்த முனையில் அடுக்களை, அந்த முனையில் அவள் அறை. அடுக்களையில் நான் தும்மினால் அவள் படுத்தபடியே திட்டுவாள். இப்போது அவள் கூப்பிட்டால்கூட எனக்குக் கேட்பதில்லை.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து வீட்டின் வெளிச்சுவரை அளந்தார். அது அப்படியேதான் இருந்தது. உள்ளே வந்து நடையை எட்டிப் பார்த்தார். இது வீட்டுக்குள் நடக்கிற விஷயம், தெரு நீண்டால் மட்டும் சொல்லியனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீளம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது அந்தச் சொட்டு.

மருந்து ஓர் எண்ணெய். கஞ்சாச் செடியிலிருந்து, போதை ஏற்றாத பகுதியை மட்டும் பிரித்து எடுக்கிறார்கள். சிபிடி என்று பெயர். மாத்திரைகள் எல்லாம் தோற்றுப்போன பிறகு டாக்டர் கிருபாகரி அதை எழுதிக்கொடுத்தார். ஃபெலிசிட்டா தன் தங்கைக்குக் கஞ்சா கொடுக்கிறாள் என்று கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். அதை முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது.

காலையில் சொட்டை அவள் நாக்கில் விடுவேன். அவள் விழுங்குவாள். சற்று நேரத்தில் அது அவள் முழங்கை வழியாக வெளியே வந்து, ஜன்னல் விளிம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சமும் குறைந்திருக்காது. அதை எடுத்து மறுபடி கொடுப்பேன். மறுபடியும் வெளியே வரும். சண்டை போடாது, வழுக்காது, ஒளியாது. கூப்பிடாத வீட்டில் எப்படித் தங்குவது என்று யோசிக்கிற ஆளைப் போல ஜன்னலில் உட்கார்ந்திருக்கும்.

ரெக்ஸ்லினும் அப்படி ஆகிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பயம்.

அவள் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் இருந்தவள். ஒரு ஞாயிறு பூசை நடுவில் பாட்டை நிறுத்தி, ஆர்மோனியம் வாசிக்கிறவரைப் பார்த்து, சுதி எங்கே போகிறது, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டவள். சாமியார் அப்பத்தைக் கையில் தூக்கியபடி நின்றுவிட்டார். அந்தப் பிள்ளைக்குக் கொழுப்பு என்றது ஊர். அம்மாவும் அதையே சொன்னாள். ஆனால் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஒவ்வொரு வலிப்பும் அந்தக் கொழுப்பில் கொஞ்சத்தைக் கரைத்துக்கொண்டு போனது. இப்போது அவள் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறாள். தலையணைக்குச் சொல்கிறாள். மின்விசிறி சுற்றினால் அதற்கும் சொல்கிறாள். மின்சாரம் போய் அது நின்றால் மன்னிப்புக் கேட்கிறாள்.

சொட்டை ஒரு மூடியில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். ரெக்ஸ்லினையும் கூட்டிப் போயிருப்பேன். ஆனால் நடையைக் கடந்து தெருவுக்கு வருவதற்குள் அவள் களைத்துவிடுவாள். டாக்டர் கிருபாகரி ஸ்டெதஸ்கோப்பைச் சொட்டின்மேல் வைத்துக் கேட்டார். பிறகு அதைத் திருப்பிப் போட்டு முதுகிலும் வைத்துக் கேட்டார்.

"எதோட குடுக்குறீங்க?"

"தண்ணியோட."

"வெறும் வயித்துலயா?"

"ஆமா டாக்டர்."

"இது எண்ணெய். தண்ணிக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கொழுப்பு இருக்கிற சாப்பாட்டோட குடுங்க."

நெய், முட்டை, தேங்காய்ப்பால், முந்திரி, எது ஒத்துக்கொள்கிறதோ அது என்றார். ஒருநாள் விருந்து, ஒருநாள் பட்டினி என்று இருக்கக் கூடாது, தினமும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். மருந்தின் அளவை நானாகக் கூட்டவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அப்படிக் கொடுத்தால் உள்ளே போய்விடுமா என்று கேட்டேன்.

"வாசல் வரைக்கும் போகும்" என்றார் டாக்டர்.

அதற்கு அப்புறம் என்று கேட்டேன். அடுத்த ஆளை வரச் சொல்லச் சொன்னார்.

மறுநாள் முட்டையை நெய்யில் பொரித்தேன். அதன்மேல் இன்னும் நெய் ஊற்றினேன். தட்டை எடுத்துக்கொண்டு நடையில் நடந்தேன். பாதி வழியில் சந்தியாகு அண்ணாச்சியின் டீக்கடை இருந்தது. வீட்டுக்குள் கடை போட யார் அனுமதித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆள் நடக்கிற நீளம் இருந்தால் அங்கே ஒரு டீக்கடை வரத்தான் செய்யும்.

அண்ணாச்சி தட்டைப் பார்த்தார். நெய் இப்போதே வெளுக்க ஆரம்பித்துவிட்டது என்றார். நான் ஓடினேன். ரெக்ஸ்லினின் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நெய் உறைந்து, தட்டில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவள் முட்டையைச் சுரண்டிச் சாப்பிட்டு, சொட்டையும் விழுங்கினாள். நெய்யைத் தட்டிலேயே விட்டாள். எனக்கும் தட்டுக்கும் நன்றி சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது, சொட்டு வந்து உட்கார்ந்துவிட்டது என்று.

அண்ணாச்சி தன் சைக்கிளைத் தந்தார். ஒரு கையில் தட்டும் ஒரு கையில் ஹேண்டில்பாருமாக நடைக்குள் மிதித்தேன். அன்று நெய் உருகியபடியே போய்ச் சேர்ந்தது. ரெக்ஸ்லின் சாப்பிட்டாள். சொட்டு உள்ளே போனது. வெகுநேரம் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் வரவில்லை. அவளைக் கட்டிக்கொண்டேன். எதற்கு என்று கேட்காமல் அவளும் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அது வந்தது. கால்வாசிகூட இல்லை. ஓரமெல்லாம் பல் தடம். அந்த வாரமே இன்னொரு வலிப்பு வந்தது. நடை நீண்டது.

மீதிச் சொட்டை அண்ணாச்சியிடம் காட்டினேன். பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. இது கல்லீரல் ஐயா கடித்தது, வலப்பக்கம் ஒரு கதவு இருக்கிறது, அங்கேதான் இருக்கிறார் என்றார். அவர்தான் தினமும் அங்கே டீ கொண்டுபோகிறாராம். ஐயா ஒருநாளும் குடித்ததில்லை. டீயைப் பால் வேறு, தூள் வேறு, சீனி வேறு என்று பிரித்துவைத்துவிடுவாராம்.

கதவைத் தட்டினேன். தள்ளினேன். உள்ளே வெக்கையாக இருந்தது. பெரிய உடம்போடு ஒருவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மேசைமேல் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். மேசையில் ரெக்ஸ்லின் அன்று சாப்பிட்ட எல்லாமே இருந்தது. சோற்றுப் பருக்கை, பாதி மாத்திரை, முட்டையின் ஒரு ஓரம். ஒவ்வொன்றையும் எடுத்து, முகர்ந்து, உடைத்து, தூக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு பக்கம் வைத்தார். அவர் கண் சிவந்திருந்தது. தூங்கியவர் போலத் தெரியவில்லை.

"அந்தச் சொட்ட நீங்கதான் கடிக்கீயளா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"அது மருந்து."

"வாரவன் எல்லாம் அப்பிடித்தான் சொல்லுதான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வேலையை விடாமலே பேசினார். ரெக்ஸ்லின் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோடா பாட்டிலில் இருந்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று குடித்தாளே, நினைவிருக்கிறதா என்று கேட்டார். எனக்கு நினைவிருந்தது. அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினார். அப்பா வெளியே ஓடினார், நான் உள்ளே ஓடினேன் என்றார் அவர். அன்றிலிருந்து யாரையும் நம்புவதில்லை என்றார். முன்வாசல் வழியாக வருகிறது எதுவானாலும் முதலில் அது விஷம், அப்புறம்தான் மற்றது.

காலில் விழலாம் என்று குனிந்தேன். அவருக்குக் கால் இல்லை. மேசைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. குனிந்த நிலையிலேயே பேசினேன். அவள் வாரத்துக்கு வாரம் தூரமாகப் போகிறாள் என்றேன். அவள் என் ஒரே தங்கை என்றேன். போன முறை சைக்கிளிலேயே போயும் மூச்சு வாங்கியது, இன்னும் கொஞ்சம் நீண்டால் போகும் வழியில் எனக்கே வயதாகிவிடும் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் என் கண்ணீரில் ஒரு துளியை விரலில் எடுத்து, உப்பை ஒரு பக்கமும் தண்ணீரை ஒரு பக்கமும் வைத்தார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"பின்பக்கமா ஒரு வாய்க்கால் போவுது. பால் கணக்கா இருக்கும். அதுல கொழுப்பு மட்டுந்தான் போகும். அது என் மேசைக்கு வராது."

"அதுல சொட்டு போகுமா?"

"தனியாப் போவாது. கொழுப்ப ஒட்டிக்கிட்டுப் போனா அவன யாரு கேக்கப் போறா?"

சொட்டு அப்படித் தாண்டிப் போனால் அவருக்குக் கோபமில்லையா என்று கேட்டேன். தன் மேசைக்கு வராததைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்றார். நான் கதவைத் திறந்தபோது, தான் ஒன்றும் சொல்லவில்லை, நான் அங்கே வரவும் இல்லை என்று சேர்த்துக்கொண்டார். அப்போதே அடுத்த பருக்கையை எடுத்துவிட்டார்.

நான் அடுக்களைக்குத் திரும்பினேன். தேங்காய்ப்பால் பிழிந்தேன். முந்திரியை நெய்யில் வறுத்தேன். எண்ணெயில் பொரித்த புரோட்டா வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் சைக்கிளில் வைத்துக்கட்டிக் கொண்டுபோனேன். ரெக்ஸ்லின் ரெண்டு வாய் சாப்பிட்டாள். போதும், தேங்க்ஸ்கா என்றாள். இன்னொரு வாய் என்று ஊட்டினேன். அவள் மறுக்கவில்லை. மறுக்கத் தெரியாமல் சாப்பிட்டாள். அப்புறம் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, தரையை அசுத்தம் செய்ததற்காகத் தரையிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அவள் உடம்பில் கொழுப்பு நிற்கவில்லை. வெளியிலிருந்து நான் எவ்வளவு கொண்டுபோனாலும் நிற்காது என்று தோன்றியது. அவளுக்குள் பழைய கொழுப்பு கொஞ்சமாவது இருந்தால்தான் புதியது ஒட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு சரியா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கப் போய்த் திரும்ப நேரமில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவளுக்குக் கோபம் வரவைக்கப் பார்த்தேன்.

நீ போனபிறகு பாடகர் குழு நன்றாகப் பாடுகிறது என்றேன்.

"ஆமாக்கா. நல்லாத்தான் பாடுவாங்க."

உன்னால்தான் உப்புக் கம்பெனி வேலையை விட்டேன் என்றேன். பாவம் நீ என்றாள். உன்னைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போய்விட்டது என்றேன். வெறுக்கத்தானே செய்யும் என்றாள். என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

கடைசியில் அவளுக்குப் பிடித்த பாட்டைப் பாடினேன். அவள் காதுக்கு அருகில், வேண்டுமென்றே சுதியை விட்டு, ஒவ்வொரு அடியிலும் தவறாக. முன்பெல்லாம் பக்கத்து வீட்டு ரேடியோ கரகரத்தால்கூட எழுந்துபோய்க் கதவைத் தட்டுகிறவள். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள்.

"நல்லாருக்குக்கா" என்றாள்.

நான் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குமேல் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றும் இல்லை.

அப்போது அவள் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது. கண் ஓரமாகப் போனது. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தலைக்குக் கீழே துணியை வைத்தேன். பக்கத்தில் இருந்த தட்டையும் டம்ளரையும் நகர்த்தினேன். இவ்வளவும் செய்து முடிப்பதற்குள் சுவர்கள் நகர ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். எப்போதும் அப்படித்தான். அவள் உடம்பு உதறி அடங்கும்போது நான் அடுக்களையில் நின்றுகொண்டிருப்பேன். நடுவில் புதிய தூரம் கிடக்கும்.

இந்த முறை நான் அவள் விரல்களைப் பற்றிக்கொண்டேன். அழுத்திப் பிடிக்கவில்லை. சும்மா கோத்துக்கொண்டேன். ஆனால் விடவில்லை.

நடை நீண்டது. தரை என்னைப் பின்னோக்கி இழுத்துப்போனது. அவள் அறைக் கதவு கடந்தது. கல்லீரல் ஐயாவின் கதவு கடந்தது. டீக்கடை கடந்தபோது சந்தியாகு அண்ணாச்சி கெட்டிலோடு நின்றிருந்தார்.

"விட்டுரும்மா" என்றார். "தோள் பிஞ்சிரும்."

நான் விடவில்லை. தோளில் வலி வந்தது. பிறகு வலி போனது. தரை நின்றபோது நான் அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தேன். என் வலது கை இன்னும் ரெக்ஸ்லினோடு இருந்தது. அது என் தோளிலிருந்து கிளம்பி, வாசற்படியைத் தாண்டி, நடையில் கண்ணுக்கெட்டாத தூரம்வரை போய்க்கொண்டிருந்தது. விரல் நுனியில் அவள் உள்ளங்கையின் ஈரம் தெரிந்தது.

மறுநாளிலிருந்து நான் எங்கும் போக முடியவில்லை. கை கடைக்கு நடுவே போவதால் அண்ணாச்சி அதன்மேல் ஒரு பெஞ்சைப் போட்டார். யாரும் மிதிக்காமலும் கொதிக்கிற டீ சிந்தாமலும் பார்த்துக்கொண்டார். ரெக்ஸ்லினுக்குக் கஞ்சி கொடுக்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். எனக்கு ஒரு கவலைதான். இடது கையால் எப்படியாவது சமைத்துவிடலாம். அதை அவ்வளவு தூரம் சூடாக எப்படி அனுப்புவது?

நெய்யைக் கிண்ணத்தில் உருக்கினேன். டாக்டர் சொன்ன அளவுக்கு மருந்தைச் சொட்டினேன். கூட்டவில்லை. கலக்கிவிட்டுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். யோசிக்கும்போதே கிண்ணத்தின் ஓரத்தில் நெய் வெளுத்தது. எனக்குப் பதறிவிட்டது. கையில் இருந்ததை அப்படியே என் வலது தோளில் ஊற்றினேன்.

நெய் கைவழியாக ஓடியது. முழங்கை இருந்த இடத்தைத் தாண்டியது. அது இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. என் உடம்புச் சூட்டில் நெய் உறையவில்லை. பெஞ்சுக்கடியில் போனதை உணர்ந்தேன். கல்லீரல் ஐயாவின் கதவைக் கடந்தபோது கொஞ்சம் வேகமாகப் போனது போலிருந்தது. வெகுநேரம் கழித்து விரல் நுனியில் சேர்ந்தது. நான் கையைத் தடவித் தடவி அவள் வாயைக் கண்டுபிடித்தேன். அவள் விரலைச் சப்பினாள். கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமில்லாமல். வாந்தி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் விரலுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு என் விரலை அவள் முழங்கையில் வைத்துக் காத்திருந்தேன். சாயங்காலம் சொட்டு வந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். கடி குறைந்திருந்ததா, கூடியிருந்ததா என்று விரலால் சொல்ல முடியவில்லை. மிளகளவு இருந்தது.

தினமும் ஊற்றினேன். ஒரே நேரம், ஒரே நெய், ஒரே அளவு. அவள் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்கு மறந்துகொண்டே வந்தது. உதடு தெரியும், கன்னம் தெரியும், நெற்றியில் வியர்வை தெரியும். அதைச் சேர்த்து ஒரு முகமாக்க முடியவில்லை. ஒருநாள் அவள் கன்னம் நனைந்திருந்தது. அழுகிறாளா, முகம் கழுவியிருக்கிறாளா என்று தெரியாமல் அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. அண்ணாச்சியைப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். அவர் போனார். தினமும் கஞ்சியோடு போய்வருகிற வழிதான், ஆனாலும் இந்த முறை திரும்பி வந்தபோது அவருக்குத் தாடி வளர்ந்திருந்தது. தான் போய்ச் சேர்ந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றார். ஜன்னலில் சொட்டு இருந்ததா என்று கேட்டேன்.

"ஜன்னல்ல ஒண்ணும் இல்ல. தரையிலயும் தேடிட்டேன்" என்றார்.

அது நல்லதா கெட்டதா என்று அவரிடம் கேட்டேன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு டீ போடப் போய்விட்டார்.

இடையில் ஒருமுறை அவள் கட்டைவிரல் மடங்குவதை உணர்ந்தேன். கோத்துக்கொண்டேன். அடுக்களைத் தரை லேசாக நடுங்கியது. என் கை விறைத்தது. பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசின. பல்லைக் கடித்துக்கொண்டு தரை இழுப்பதற்காகக் காத்திருந்தேன். இழுக்கவில்லை. அவள் விரல் தானாக விரிந்தது.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இழுத்துவிடும் என்று பயந்தேன்.

இன்று காலை நெய்யை ஊற்றினேன். ஓடிப்போய் விரல் நுனியில் சேர்ந்தது. உதடு வரவில்லை. கையால் தடவினேன். தலையணை இருந்தது. போர்வை இருந்தது. படுக்கையில் அவள் உடம்பின் சூடு இருந்தது. அவள் இல்லை. கட்டிலுக்கடியில் தடவினேன். சுவரைத் தடவினேன். ஜன்னல் விளிம்பைத் தடவினேன். அவள் பெயரைச் சொல்லி நடைக்குள் கத்தினேன். என் குரல் போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வரவில்லை. விரல் நுனியில் நெய் உறைய ஆரம்பித்தது. என் உடம்புச் சூட்டிலேயே உறைந்தது.

அப்போது என் விரல்களுக்குள் ஐந்து விரல்கள் நுழைந்தன. எலும்பாக இருந்தன, ஆனால் உள்ளங்கையில் அதே ஈரம். ரெக்ஸ்லினுடையதுதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவை என் கையைத் தரையிலிருந்து தூக்கின.

இத்தனை நாளும் வாசற்படியில் கயிறு போல இறுகிக்கிடந்த என் கை, அந்த முனையைப் பிடித்தவர் என் பக்கமாக நடந்து வருவது போலத் தொய்ந்தது. ஒரு வளைவு அடுக்களைக்குள் வந்து விழுந்தது. நான் இடது கையால் அதைப் பற்றி இழுத்தேன். இன்னும் வந்தது. இழுக்க இழுக்க வந்தது. படகுக்காரர்கள் கயிற்றைச் சுருட்டுவது போல அதைச் சுருட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். சுருள் என் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. நடையில் இன்னும் யாரும் தெரியவில்லை. வாணலி தீய ஆரம்பித்தது. அதை இறக்கிவைத்துவிட்டு மறுபடியும் இழுத்தேன்.